நாற்பதிலிருந்து அறுபதுக்கு: சென்னையின் வேக வரம்பு மாறிய ஐந்து மாதங்கள்

2023 ஜூனில் எங்கள் தெரு டீக்கடையில் நாலைந்து நாள் ஒரே பேச்சு. சென்னைக்குள் பகலில் மணிக்கு 40 கிலோமீட்டர், இரவில் 50. அதைத் தாண்டினால் ரேடார் கருவி வண்டியைப் படம் பிடிக்கும், அபராதச் சலான் போனுக்கு வந்துவிடும் என்று போக்குவரத்து போலீஸ் அறிவித்திருந்தது. "நாப்பதுல போனா பின்னாடி வர்ற பஸ்காரன் நம்ம மேல ஏத்திடுவான்" என்றார் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். கார் வைத்திருப்பவர்கள் சமூக வலைதளங்களில் கொதித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும், வரம்பை மறுபடியும் பரிசீலிப்பதாகக் காவல்துறை சொன்னது.

அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி புதிய வரம்பு நடைமுறைக்கு வந்தது. கார் முதலான இலகு ரக வாகனங்களுக்கு 60. லாரி, பஸ் போன்ற கனரக வாகனங்களுக்கு 50. டூவீலருக்கும் 50. ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிகளில் எந்த வாகனமாக இருந்தாலும் 30.

ஐந்து மாதத்தில் நடந்தது இவ்வளவுதான். ஆனால் ஒரு ஊரில் போலீஸ் வேகத்தை எப்படிப் பிடிக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதெல்லாம் இந்த ஐந்து மாதத்துக்குள்ளேயே இருக்கிறது. நான் பார்த்தவரை, நாற்பது என்ற எண் குறைவாக இருந்ததால் தோற்கவில்லை. சாலையில் அதைச் சொல்லாமல், சலானில் முதலில் சொன்னதால் தோற்றது. 60 கிடைத்துவிட்டது என்று எல்லோரும் அமைதியானபோது, அந்த அறிவிப்பின் கடைசி வரியில் இருந்த 30-ஐ யாரும் கவனிக்கவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

எண் எங்கிருந்து வருகிறது

வேக வரம்பை டிராபிக் போலீஸ் தானாக முடிவு செய்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 112-வது பிரிவின்படி, உச்ச வரம்பை மத்திய அரசு சொல்லும். அதற்குக் கீழே, ஒரு ஊருக்கோ ஒரு சாலைக்கோ குறைவான வரம்பு வைப்பது மாநில அரசின் அதிகாரம். அப்படி வைத்தால் உரிய பலகைகளை நட வேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. இந்தப் பலகை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

2018 ஏப்ரலில் மத்திய அரசு உச்ச வரம்புகளை உயர்த்தியது. நகராட்சி எல்லைக்குட்பட்ட சாலைகளில் காருக்கு 70, டூவீலருக்கு 60. விரைவுச் சாலையில் காருக்கு 120. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பாணையை ரத்து செய்தது. நீதிமன்றத்துக்கு வந்தது வேகத்தைப் பற்றிய வழக்கே அல்ல. விபத்தில் சிக்கி உடலின் பெரும்பகுதி செயலிழந்துபோன ஓர் இளம் பல் மருத்துவரின் இழப்பீட்டு மேல்முறையீடு அது. இழப்பீட்டைச் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயாக உயர்த்திய நீதிபதிகள், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் விபத்து எப்படிக் குறையும் என்று கேட்டு, வரம்பையே கையில் எடுத்தார்கள்.

ஆக, 2023-ல் சாதாரண வண்டியோட்டிக்கு எது செல்லும் என்பதே தெளிவில்லை. டெல்லியிலிருந்து ஒன்று, நீதிமன்றத்திலிருந்து ஒன்று, ஊர் போலீஸிடமிருந்து ஒன்று. அதற்கு மேல், ஆறு வழியாகப் போட்ட ராஜீவ் காந்தி சாலைக்கும் புரசைவாக்கம் கடைத்தெருவுக்கும் ஒரே நாற்பது. முதல் சாலையில் அந்த வேகத்தில் போனால் வண்டி நின்றுவிட்டதுபோல் இருக்கும். இரண்டாவதில் அந்த வேகத்தில் போனால் யாரையாவது இடிப்போம். இரண்டு சாலையும் தெரிந்தவனுக்கு அந்த எண்ணின் மேல் எப்படி மரியாதை வரும்?

கண்ணால் பார்த்தால் போதாது

எங்கள் தெருக் கோடி வீட்டில் ஏட்டையா இருக்கிறார். போக்குவரத்துப் பிரிவில் எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஆகி ஓய்வு பெற்றவர், ஆனாலும் தெருவுக்கு அவர் ஏட்டையாதான். ஓவர் ஸ்பீடு கேஸ் முன்பெல்லாம் ஏன் அவ்வளவாக இல்லை என்று அவரிடம் கேட்டேன்.

"கண்ணால பாத்து எழுதுற கேஸ் கோர்ட்டுல நிக்காது தம்பி. 'எண்பதுல வந்தான்னு உமக்கு எப்படி தெரியும்'னு வக்கீல் ஒரே கேள்விதான் கேப்பாரு. அதனால ஹெல்மெட் பிடிப்போம், ஒன்வே பிடிப்போம், ஆர்.சி. இன்சூரன்ஸ் பாப்போம். வேகத்த விட்டுருவோம்."

அவர் சொன்னது சட்டத்தில் அப்படியே இருக்கிறது. வேகமாகப் போனதற்கான தண்டனையைச் சொல்லும் 183-வது பிரிவின் உட்பிரிவு 3-ன்படி, ஒரே ஒரு சாட்சி தன் கணிப்பில் இவ்வளவு வேகம் என்று சொன்னால் மட்டும் யாரையும் தண்டிக்க முடியாது. அந்தக் கணிப்பு ஒரு கருவியின் அளவீட்டில் நிற்க வேண்டும். நல்ல பாதுகாப்பு அது. ஆனால் கருவி இல்லாத ஊரில் வேகக் குற்றம் என்பதே ஏட்டில் இல்லாமல் போகிறது. நம் ஊர்களில் பல பத்தாண்டுகள் நடந்தது அதுதான்.

சரி, கருவி எப்படி அளக்கிறது? ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகக் கேட்கும், தாண்டிப் போனதும் தடித்துக் கேட்கும் அல்லவா, ரேடாரும் அதே தத்துவம்தான். கருவி அனுப்பும் அலை, வரும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் மாறுகிறது. எவ்வளவு மாறியது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. சாலை ஓரத்தில் நின்று சாய்வாகக் குறி வைத்தால் காட்டும் வேகம் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் வரும், அதிகமாக வராது. 'மெஷின் கூட்டிக் காட்டுது' என்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேறொரு சந்தேகத்தில் நியாயம் உண்டு. டூவீலருக்குப் பக்கத்தில் பஸ் வந்தால், பெரிய உடம்பிலிருந்து திரும்பும் அலை வலுவாக இருக்கும். எந்த வண்டியின் வேகம் என்பது குழம்பலாம். அதனால்தான் ஒரே வண்டியைக் குறுகலாகக் குறி வைக்கும் லேசர் கன், பாதை வாரியாகப் பிரித்துப் பார்க்கும் ரேடார், நம்பர் பிளேட்டோடு எடுக்கும் படம் எல்லாம் தேவைப்படுகின்றன.

2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். எல்லாவற்றையும்விட, கருவி இருக்கும் சாலைப் பகுதியில் அது இருக்கிறது என்று கண்ணில் படும்படி முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். மறைந்து நின்று பிடிப்பது இந்த விதியின் நோக்கமே அல்ல. வேகம் குறைய வேண்டும், அவ்வளவுதான். சலான் எழுதாமலே குறைந்தால் இன்னும் நல்லது.

சென்னையில் இந்தப் பலகைதான் பின்தங்கியது. எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் 40 என்ற வரம்பு இருப்பதையே செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள். தினமும் அவர்கள் போகும் சாலை அதைச் சொல்லியிருக்கவில்லை.

விரட்டுவதும் பிடிப்பதும்

கருவி வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், அது யாரையும் துரத்துவதில்லை. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன ஒரு தம்பதியைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் விரட்டிப் போனார். பைக்கை அவர் உதைத்ததாகப் புகார் எழுந்தது. கீழே விழுந்த அந்தப் பெண் இறந்துபோனார். இன்ஸ்பெக்டர் கைது செய்யப்பட்டார், ஊரே சாலைக்கு வந்து மறியல் செய்தது. ஹெல்மெட் போடாததற்கு அன்றைய அபராதம் நூறு ரூபாய். நூறு ரூபாய் குற்றத்துக்கு ஓர் உயிர்.

ஓடும் வண்டியைக் கை காட்டி நிறுத்துவதே ஆபத்தான வேலை. திடீரென்று பிரேக் அடிப்பான், திரும்பி எதிர்த் திசையில் ஓடுவான், சில சமயம் காவலர் மேலேயே ஏற்றுவான். வெயிலில் எட்டு மணி நேரம் நின்று அந்த வேலையைப் பார்க்கும் காவலரின் நிலைமையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கேமராவுக்கு நம்பர் பிளேட் தெரிந்தால் போதும், யாரும் யாரையும் மறிக்க வேண்டியதில்லை.

அபராதத்தின் கதை இதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் 2018-ல் ரொக்கம் வாங்காத இ-சலான் முறை வந்தது. 2019-ல் நாடு முழுக்க அபராதம் உயர்ந்தாலும் தமிழ்நாடு 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளை அமல்படுத்தியது. ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய் 1,000 ஆனது, குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆனால் சலான் போவது வேறு, பணம் வருவது வேறு. கட்டாமல் விட்டவர்களைப் போனில் கூப்பிட்டு நினைவூட்ட 2022-ல் சென்னை போலீஸ் தனியாக அழைப்பு மையங்களே திறக்க வேண்டி வந்தது. வண்டியை விற்கும்போதோ பெயர் மாற்றும்போதோதான் பலருக்குப் பழைய சலான் ஞாபகமே வருகிறது.

'எல்லாம் வசூலுக்குத்தான்' என்ற பேச்சு டீக்கடையிலும் இருந்தது. அதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், ஏனென்றால் அப்படி நடந்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் நியூ ரோம் என்று ஒரு சிற்றூர். 2000-ல் மக்கள்தொகை 60. ஊரைக் கடக்கும் நெடுஞ்சாலையில் சில நூறு மீட்டருக்கு மட்டும் வேக வரம்பு 45 மைலிலிருந்து சட்டென்று 35-ஆகக் குறையும். அங்கே போலீஸ் காத்திருக்கும். ஊர் நிர்வாகமே அந்த அபராதத்தில்தான் ஓடியது. கடைசியில் 2004-ல் நீதிமன்றம் அந்த ஊராட்சியையே கலைத்தது. பிடிக்கிறவனின் சம்பளம் பிடிபடுகிறவனின் அபராதத்திலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். நம் ஊரில் நிலைமை அப்படி இல்லை, அபராதம் அரசுக் கணக்குக்குத்தான் போகிறது. ஆனாலும் பலகை இல்லாத இடத்தில் பிடித்தால், பிடிபட்டவர் மனதில் நியூ ரோம்தான் முளைக்கும்.

அறுபது எவ்வளவு தூரம்

நவம்பரில் 60 வந்தபோது நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களில் நானும் ஒருவன். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி, பிறகு காய்ந்த சாலையில் நல்ல பிரேக் என்று வைத்துக்கொண்டால், 30-ல் போகும் கார் நிற்கச் சுமார் 18 மீட்டர் ஆகும். 40-ல் 27 மீட்டர். 60-ல் 48 மீட்டர். நம் மாநகரப் பேருந்து ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். அறுபதில் வரும் கார் நாலு பஸ் நீளம் ஓடித்தான் நிற்கும். நாற்பதில் வந்த கார் நின்றுவிட்ட இடத்தில், அறுபதில் வந்த காருக்கு அப்போதுதான் பிரேக்கே பிடித்திருக்கும். குறுக்கே வந்தவர் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். நாடு முழுவதற்குமான கணக்கில், மரணங்களில் நூற்றுக்கு 71-க்கு மேல் அதிவேகத்தால் என்று எழுதியிருக்கிறது மத்திய அரசின் அறிக்கை. இந்த 71-ஐ அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஒவ்வொரு விபத்திலும் வேகத்தை யாரும் அளந்து எழுதுவதில்லை. ஸ்டேஷனில் வழக்குப் பதியும்போது நிரப்பும் காரணம் அது. ஓட்டுநர் மேல் போட்டுவிட்டால், தெருவிளக்கு எரியாததையும் நடைபாதை இல்லாததையும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அடிபட்டவர் பிழைப்பாரா என்பதை மோதும் நேரத்து வேகம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கண்காணிப்பு பலன் தருமா என்று கேட்டால், தரும். அருகிலேயே உதாரணம் இருக்கிறது. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையில் 2023-ல் 188 பேர் இறந்தார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து டூவீலர், ஆட்டோ போன்ற மெதுவான வாகனங்களைப் பிரதானப் பாதையில் விடவில்லை. கேமராக்கள் வந்தன. 2024 ஆகஸ்டு முதல் கர்நாடகத்தில் 130-க்கு மேல் போனால் சலானோடு விடாமல் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். 2024-ல் அந்தச் சாலையில் இறந்தவர்கள் 50 பேர். ஒரே சாலை, எப்போதும் விழித்திருக்கும் கண்கள், போகிறவன் எல்லோருக்கும் அது தெரியும். கேரளமும் சென்னையின் நாற்பது அறிவிப்பு வந்த அதே 2023 ஜூனில்தான் 726 கேமராக்களை இயக்கத் தொடங்கியது. அவற்றில் பெரும்பாலானவை ஹெல்மெட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும். வேகத்துக்கு என்று இருந்தவை நிலையாக நாலு, நகர்த்தக்கூடியவை நாலு. ஆனால் மறு மாதமே வேக வரம்புகளைத் திருத்தி, டூவீலருக்கு 70-ஐ 60 ஆக்கினார்கள்.

போலீஸ் பிடிக்கக்கூடியதும் ஆனால் பிடிக்காததுமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே 183-வது பிரிவின் நாலாவது உட்பிரிவு. இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு நிறுவனம் கால அட்டவணை போட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்தில் போய்ச் சேர முடியாது என்றால், அந்த அட்டவணையே முதலாளிக்கு எதிரான முதற்கட்ட ஆதாரம் ஆகலாம். டைமிங் தகராறில் ஒன்றையொன்று முந்தும் தனியார் பஸ்களுக்கும், பத்தே நிமிடத்தில் சாமான் கொண்டு வரச் சொல்லும் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். ஆயிரம் ரூபாய் சலான் விழுவது அந்த டெலிவரிப் பையனுக்கு. ஒரு நாள் முழுக்க அலைந்தாலும் அவன் கையில் அவ்வளவு மிஞ்சுமா என்பது சந்தேகம். அவன் முதுகில் கடிகாரத்தைக் கட்டி அனுப்பியவரிடம் இந்த உட்பிரிவை யாராவது ஒரு அதிகாரி நீட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் முப்பது

இப்போது அந்த 30. ஸ்பீடு கன் வைக்கும் இடம் பெரிய சாலைதான். அங்கே வண்டி அதிகம், அதிகாரி நிற்க இடம் உண்டு. குடியிருப்புத் தெருக்களுக்கு அது வருவதே இல்லை. பிள்ளைகள் சைக்கிள் பழகுவதும், பாட்டிமார் கோயிலுக்கு நடப்பதும், பள்ளி வேனிலிருந்து யூ.கே.ஜி. குழந்தை இறங்குவதும் இங்கேதான்.

ஒரு சனிக்கிழமை மாலை ஏட்டையாவும் நானும் சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். தெருவில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டோம். முதல் கோட்டில் வண்டியின் முன்சக்கரம் பட்டதும் நான் கை தூக்க வேண்டும், இரண்டாவது கோட்டில் அவர் போனில் ஸ்டாப்வாட்சை நிறுத்துவார். ஐம்பது மீட்டரை 6 வினாடியில் கடந்தால் வேகம் 30. நாலரை வினாடி என்றால் 40. 3.6 வினாடி என்றால் 50. மூன்று வினாடி என்றால் 60. பள்ளிக் கணக்குதான், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஆறு வினாடி எடுத்துக்கொண்ட வண்டி அபூர்வமாகத்தான் வந்தது. பெரும்பாலும் நாலு, நாலரை. ஒரு பைக் மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. அந்தப் பையன் எங்களைத் தாண்டிப் போய், மூன்றாவது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனான். எங்கள் தெருப் பையன்தான். ஏட்டையா அவனைக் கூப்பிட்டார்.

"எவ்வளவுலப்பா வந்த?"

"மெதுவாத்தான் தாத்தா வந்தேன். ஒரு முப்பது இருக்கும்."

அவர் போனைக் காட்டினார், கணக்கையும் சொன்னார். அவன் நம்பவில்லை. மறுபடி ஓட்டி, ஸ்பீடாமீட்டரில் முள்ளை முப்பதிலேயே வைத்து வரச் சொன்னார். வந்தான். கோட்டைத் தாண்டியதும், "இவ்ளோ ஸ்லோவா?" என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை அது. முப்பது எப்படி இருக்கும் என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நேரங்களை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, டிராபிக் ஸ்டேஷனில் கொடுத்தோம். அங்கிருந்த எஸ்.ஐ. தாளை முழுதாகப் படித்தார். கன் அனுப்ப முடியாது, பேரிகேட் தருகிறேன் என்றார். சொன்னபடி பள்ளிக்கு முன்னால் இரண்டு பேரிகேட்களை, வண்டி வளைந்து போகும்படி முன்னும் பின்னுமாக வைத்தார்கள். அதோடு தகரத்தில் 30 என்று ஒரு வட்டப் பலகையும் வந்தது. மறு வாரம் அதே கோடுகளில் அளந்தோம். ஆறரை, ஏழு, ஏழரை என்று வந்தது. சலான் ஒன்றுகூட எழுதவில்லை.

முழுப் பரீட்சை லீவில் பேரிகேட்களைத் திருவிழா பந்தோபஸ்துக்கு எடுத்துப் போனார்கள். பள்ளி திறந்தும் அவை திரும்பி வரவில்லை, பலகை மட்டும் நிற்கிறது. சாக்பீஸ் கோடுகளை மழை அழித்துவிட்டது. இந்தச் சனிக்கிழமைக்கு பெயிண்ட் டப்பாவும் பிரஷும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் ஏட்டையா.